காற்றுப் பார்த்து வாழ்ந்தவர்

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் உடனே கேற்றைத் திறந்து உள்ளே போகமாட்டார். வீதியிலேயே நின்று முகத்தை இடமும் வலமும் மெல்லத் திருப்புவார். காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று கன்னத்தில் பிடித்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைப்பார். கையில் பழப்பையோடு பக்கத்தில் நிற்கும் எனக்கு அலுத்துப்போகும்.

"என்ன அண்ணை, பிறந்தநாளுக்கு வந்திருக்கிறம். காட்டுக்கு வரேல்லை."

"ரெண்டும் ஒண்டுதான் ஐசே. நாங்கள் வாறது முதலிலை ஆருக்குத் தெரியப்போகுது எண்டு எங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மெல்பேர்னில், கிளேட்டனில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்த மரவீட்டின் தபால்பெட்டியில்கூட என் பெயரை மட்டும் எழுதச் சொன்னவர் அவர். எழுபதுகளின் நடுப்பகுதி அது. இருவருக்கும் பல்கலைக்கழகத்தில் வேலை. நான் ஆய்வுகூடக் கருவிகளைத் திருத்துகிறவன், அவர் களஞ்சியத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவர். ஊரில் அவர் வன்னிப் பக்கம் நில அளவை வேலையில் பதினைந்து வருஷம் இருந்தவர். சங்கிலி பிடித்த கையால் இங்கே சோதனைக் குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார். அதைப்பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. முறைப்படுவதற்கு எனக்குத்தான் நேரம் இருந்தது. பகல் வேலை முடிந்து, பின்னேரம் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கிற இரண்டாவது வேலைக்கும் போய்வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் நித்திரையாகிற ஆள் நான். அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் களைப்புத்தான்.

இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை அவர் மரை என்கிற பெரிய மானை வேட்டையாடப் போவார். பொலிசில் பதிந்த துவக்கு ஒன்று வைத்திருந்தார். கார் என்னிடம் இருந்ததால் நானும் போகவேண்டியதாயிற்று. கிழக்கே இரண்டரை மணித்தியால ஓட்டம், பிறகு மலையும் யூக்கலிப்ரஸ் காடும். அந்த மலைகளில் நிற்பது எங்கள் ஊர் மரைதான் என்று முதல் பயணத்திலேயே சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னர் வெள்ளைக்காரர் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவந்து விட்டவையாம்.

"கங்காருவை எல்லாரும் காணலாம். இதை ஆரும் கண்டிருக்கினமோ? பின்வளவிலை வந்து தோடை மரத்தைக் கடிச்சுப்போட்டுப் போனாலும் வீட்டுக்காரனுக்குத் தெரியாது. அதுதான் நூறு வருஷம் தப்பி இருக்குதுகள்."

இதைச் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு பெருமை இருக்கும். தன் சொந்தக்காரப் பிள்ளை சோதனை பாஸ் பண்ணியதுபோலச் சொல்லுவார்.

அந்த முதல் பயணத்தில் நான் செய்த மடைத்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். காரின் முன்தட்டில் மூக்குக்கு விடுகிற மருந்துப் போத்தல் ஒன்றை வைத்திருந்தார். அதற்குள் சாம்பல் நிறத்தில் நல்ல மென்மையான தூள். ஒரு சைவனுக்கு வேறென்ன தோன்றும்? மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் காரை நிறுத்தி, போத்தலை எடுத்து உள்ளங்கையில் தட்டி, "சிவ சிவா" என்று நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன்.

"என்ன செய்யிறீர்?"

"திருநீறு அண்ணை. துவங்கேக்கை பூசிக்கொண்டு போவம்."

"அது பின்வளவிலை விறகு எரிச்ச சாம்பல் ஐசே. காத்துப் பார்க்கிறதுக்கு."

போத்தலை வாங்கி லேசாக அமத்தினார். ஒரு சிட்டிகைத் தூள் புகையாக வெளியே வந்து, ஒரு கணம் நின்று, இடப்பக்கம் சாய்ந்து மெல்ல நகர்ந்தது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைக்கப் போனேன். துடைக்கத் தேவையில்லை, மணமில்லாத சாம்பல், பாதகமில்லை என்றார். சிரிக்கவே இல்லை.

இங்கிருந்த ஊர்ச்சனம் அவரைப் பெரிய பக்திமான் என்று நம்பியிருந்தது. புதன்கிழமையே உள்ளி, வெங்காயம், மீன், இறைச்சி எல்லாவற்றையும் விட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை ஒருநேரம் பாலும் சோறும் மட்டும். "இந்தக் குளிருக்குள்ளையும் விரதத்தை விடாத மனிசன்" என்று எங்களைச் சாப்பிடக் கூப்பிடும் ஓர் அன்ரி தன் கணவருக்கு முன்னால் அவரைக் காட்டிச் சொல்லுவார். அவரும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வார். அந்த விரதம் எந்தச் சாமிக்கு என்று எனக்குத் தெரியும். சாமிக்கு நாலு கால், கிளைவிட்ட கொம்பு.

விரதத்தோடு முடிந்தால் பரவாயில்லை. வேட்டை உடுப்பைச் சவர்க்காரம் போடாமல் வெறுந்தண்ணீரில் அலசி, மூன்று நாள் பின்வளவு மரத்தில் தொங்கவிட்டு, இலைகளோடு பையில் கட்டி வைப்பார். என் உடுப்புக்கும் அதே கதிதான். சப்பாத்து காருக்குள் படக்கூடாது, அதுவும் பையில்தான் வரும். பெற்றோல் வெள்ளிக்கிழமையே அடித்துவிட வேண்டும், கையில் மணக்குமாம். பற்பசை கூடாது. ஒருமுறை கந்தோர்களில் குனிந்து கூட்டிய இடுப்புவலி தாங்காமல் தைலம் கொஞ்சம் தடவிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். வாயே திறக்காமல் நாலு யன்னல்களையும் இறக்கினார். இந்த நாட்டில் ஆடி மாதம் நடுக்குளிர்காலம், அதில் இரண்டரை மணித்தியாலம் அப்படியே போனோம். மலையில் முந்நூறு யார் தள்ளி, மரங்களுக்குள் எங்கோ, "பாங்" என்று தகரத்தில் அடித்ததுபோல ஒரு சத்தம். அது மரை எங்களை அறிந்துகொண்டதற்கு அடையாளம்.

"உம்மடை இடுப்பு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. வாரும், வீட்டை போவம்" என்றார்.

ஆனால் அவருடைய கணக்குப் பிழைத்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். "கண்ணுக்கு மரத்துக்குப் பின்னாலை ஒளியலாம். காதுக்கு அசையாமல் இருக்கலாம். மூக்குக்கு ஒளிக்க இடமில்லை" என்பார். விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்துக்கு வழிந்து இறங்கும். வெயில் ஏறிச் சரிவு சூடாகத் திரும்ப மேலே ஏறும். அது மாறுகிற அரை மணித்தியாலத்தில் அவர் துவக்கைக் கீழே வைத்துவிடுவார், எவ்வளவு பெரிய கொம்பன் முன்னால் நின்றாலும். இரண்டு வருஷத்தில் மூன்று மரைதான் சுட்டார். அந்த இறைச்சியைப் பங்குபோட்டு எல்லார் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது நான். தான் சுட்டதாகச் சொல்லவேண்டாம் என்பார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் மலையில் வைத்துக் கேட்டேன். காற்று மாறும்வரை காத்திருந்த நேரம். என்னைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மெல்பேர்னுக்கு வந்த புதிதில் நகரத்துக்குள் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தாராம். ஊரிலிருந்து யாரோ கருவாடு கொண்டுவந்து கொடுக்க, ஆசையில் பொரித்துவிட்டார். அடுத்தநாள் வேலையால் வர, பெட்டி விறாந்தையில் நின்றது. உடுப்பெல்லாம் மடித்து ஒழுங்காக அடுக்கியிருந்தது. வீட்டுக்காரி ஏசவில்லை. மற்ற அறைக்காரருக்கு மணம் பிடிக்கவில்லை, மன்னிக்கவேண்டும் என்றாளாம்.

"ஏசியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை ஏசியிருப்பன். மடிச்செல்லோ வைச்சிருக்கிறாள். பெட்டியோடை ட்ராமிலை ஏறினன். பக்கத்திலை இருந்த மனிசி எழும்பிப் போட்டுது. இறங்கிற இடம் வந்து எழும்பினதோ, என்ரை மணத்துக்கு எழும்பினதோ, இண்டைவரைக்கும் தெரியாது."

அதைக் கேட்ட பிறகு என்னால் அவரைப் பகிடிபண்ண முடியவில்லை.

கிளேட்டன் வீட்டுக்குத் தெற்கே பக்கத்து வளவில்தான் எங்கள் வீட்டுக்காரர் இருந்தார். மனைவி செத்துப்போன கிழவர். தக்காளியும் ரோசாவும் நட்டுக்கொண்டு தன்பாட்டில் இருப்பார். ஆகவே வடக்குக் காற்றென்றால் மணம் நேரே அவர் வளவுக்குப் போகும் என்று எங்கள் குசினியில் தாளிதம் கிடையாது, மீன் கிடையாது. வெறும் சோறும் பருப்பும் அவிப்போம். தெற்குக் காற்று வந்தால் ஒரே நாளில் மூன்று நாள் கறி. ஒருமுறை கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, நேற்று நல்ல பலமான சமையல் போலிருக்கிறதே என்றார். அதை ஒரு கிழமையாக அண்ணை ஆராய்ந்தார். பலமான என்றால் என்ன? சொல்லும்போது முகம் எப்படி இருந்தது? எனக்கென்றால் கிழவர் ஒரு கோப்பை கறிக்கு அடிபோடுகிறார் என்றே பட்டது. கொண்டுபோய்க் கொடுப்போமா என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

நானும் அந்தச் சட்டங்களுக்கெல்லாம் ஒத்துப்போனேன். நல்ல மனதால் என்று சொன்னால் பொய். சமைக்க எனக்குச் சோம்பல், சண்டைபிடிக்க அதைவிடச் சோம்பல்.

இரண்டு வருஷம் கழித்து அவருடைய மனைவி வந்தார். நான் அக்கா என்று கூப்பிட்டேன். எங்களிலும் நாலைந்து வயது மூத்தவர்போலத் தெரிந்த, சிரித்த முகமான, உரத்துக் கதைக்கிற பெண். பிள்ளைகள் இல்லை. விமான நிலையத்தில் எத்தனையோ மணித்தியாலப் பயணக் களைப்போடு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் இவர் கேட்ட முதல் கேள்வியை நான் காதால் கேட்டேன்.

"தலைக்கு என்ன வைச்சனீர்?"

அக்கா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "எண்ணெய்தான். வேறை என்னத்தை வைக்கிறது?"

கரிசாலையும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய். இரண்டு போத்தல் கொண்டுவந்திருந்தார். சேலைகளுக்கு நடுவில் சுற்றி உடையாமல் கொண்டுவந்த அந்தப் போத்தல்கள் அன்றைக்கே கார்க் கொட்டிலுக்குப் போய்விட்டன. மெல்ல மெல்ல மற்றவையும் போயின. கறித்தூள் வறுக்க வெளிக்கிட்டால் இவர் யன்னலடியில் நின்று போத்தலை அமத்திக் காற்றுப் பார்ப்பார். "பொறும், பொறும். பின்னேரம் தெற்காலை திரும்பும்" என்பார். பின்னேரம் திரும்பாது. வறுக்காத மிளகாய் சுளகிலேயே கிடக்கும். ரயிலில் போனால் கதவோரமாக நிற்கச் சொல்லுவார். கதிரையில் இடம் இருந்தாலும் நிற்கவேண்டும். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார், கை நீட்டமாட்டார், எல்லாவற்றையும் கெஞ்சுகிற குரலில்தான் சொல்லுவார். அதனால்தான் அக்காவாலும் சண்டைபிடிக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் மாதமளவில் அக்கா உரத்துக் கதைப்பதை விட்டுவிட்டார். எண்ணெயில்லாத தலைமயிர் வறண்டு காதோரத்தில் எழும்பி நிற்கும். தலையிடி என்று துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு குசினிக் கதிரையில் இருப்பார். ஒருநாள் அண்ணை கடைக்குப் போன நேரம் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஊருக்குப் போறதெண்டால் எங்கை கேக்க வேணும்?"

"சுத்திப்பார்த்திட்டு வரவோ அக்கா?"

"போறதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டு வாங்கோ. வாறதுக்கு வேண்டாம். இவருக்குச் சொல்லாதேங்கோ."

நான் குடிவரவுக் கந்தோரில் கேட்கப் போனேன். போய்த் திரும்பி வருகிறவர்களுக்கான படிவம்தான் அந்தக் கந்தோரில் இருந்தது. அதை வாங்கிவந்து என் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, இன்னும் போக நேரம் கிடைக்கவில்லை என்று அக்காவிடம் பொய் சொன்னேன். ஒரு கிழமை சொன்னேன், இரண்டு கிழமை சொன்னேன். ஒவ்வொரு முறையும் அக்கா "உங்களுக்கும் களைப்புத்தானே தம்பி" என்பார். என் களைப்பு அவ்வளவு வசதியாக எனக்கு வேறெப்போதும் உதவியதில்லை. அவர் போய்விட்டால் இந்த மனிதர் சுவரோடு சுவராகிவிடுவார் என்று பயந்தேன். ஆனால் அக்காவுக்காக அவரிடம் ஒரு வார்த்தை பேசினேனா? இல்லை. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, சனிக்கிழமை தானும் மலைக்கு வரப்போவதாக அக்கா சொன்னார்.

அண்ணையின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. தன் உலகத்தைக் காட்டக் கிடைத்துவிட்டது. அக்கா போடுவதற்கு என் பழைய களிசான் ஒன்றை வெறுந்தண்ணீரில் அலசி மரத்தில் தொங்கவிட்டார். சவர்க்காரமும் உள்ளியும் கூடாது, குங்குமம் மணக்காது, வைக்கலாம் என்றார். அக்கா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். காரில் அவர் பேசிய பேச்சுக்கு அளவில்லை. மரை எப்படிக் காதைத் திருப்பும், படுக்கும்போது பின்பக்கத்துக்கு மூக்கையும் முன்பக்கத்துக்குக் கண்ணையும் எப்படிக் காவல் வைக்கும் என்றெல்லாம் சொன்னார். பின்சீற்றிலிருந்து அக்கா கவனமாகக் கேள்விகள் கேட்டார். காற்றைப் பற்றித்தான் கூடுதலாகக் கேட்டார்.

பள்ளத்தின் அடியில் ஓடையை ஒட்டி ஒரு புல்வெளி. இரவெல்லாம் மேய்ந்த மரை வெயில் ஏற முன்னர் அதைக் கடந்து மேலே காட்டுக்குள் போகும். புல்வெளியின் கீழ்முனையில், ஆள் உயரப் பாறை ஒன்றின் இடப்பக்கம் எங்களை இருத்தினார். போத்தலை அமத்தினார். தூள் புல்வெளிப் பக்கமிருந்து எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தது. பிறகு பாறையின் மற்றப் பக்கத்துக்குக் கையை நீட்டி அமத்தினார். அங்கே ஒரு சிறு பள்ளத்தால் வேறொரு காற்று இறங்கிக்கொண்டிருந்தது. தூள் சுழன்று நேரே புல்வெளிக்குப் போனது.

"பார்த்தீரோ? பாறைக்கு அங்காலை மட்டும் போகாதேயும். போனால் ஒரு நிமிஷத்திலை அதுக்குத் தெரிஞ்சிடும்."

அக்கா தலையாட்டினார்.

இரண்டு மணித்தியாலம் இருந்தோம். என் கால் விறைத்து மரத்துப்போய்விட்டது. நான் அரை நித்திரையில் இருந்தபோது அண்ணையின் விரல் என் முழங்காலை அமத்தியது. புல்வெளியின் மேல்முனையில் ஒரு கொம்பன் நின்றது. மண்ணிறம், மார்பு வரைக்கும் ஈரம். இரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில் மிகப் பெரியது. ஒரு அடி வைத்து, நின்று, மூக்கைத் தூக்கி, திரும்ப ஒரு அடி வைத்தது. அண்ணை மூச்சுவிடுவதாகவே தெரியவில்லை. துவக்கு அவர் தோளுக்கு ஏறிக்கொண்டிருந்தது, மணிக்கூட்டின் பெரிய முள் நகருகிற வேகத்தில்.

அக்கா எழும்பினார்.

சத்தமே இல்லை. இலை மிதிபடாமல் நாலு அடி வைத்துப் பாறையைச் சுற்றி மற்றப் பக்கம் போனார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். கொண்டையையும் அவிழ்த்து மயிரை உதறிவிட்டு, கையைத் தொங்கவிட்டபடி நின்றார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் மரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரை கழுத்தைத் திருப்பி அக்கா நின்ற பக்கம் பார்த்தது. "பாங்." வால் எழும்பியது. அடுத்த கணம் புல்வெளி வெறுமையாகக் கிடந்தது. மேலே காட்டுக்குள் கிளை முறிகிற சத்தம் தூரமாகிக்கொண்டே போனது.

துவக்கை இறக்கி மடியில் வைத்தார் அண்ணை. "என்ன வேலை இது?" என்றார். கோபமாகக்கூட இல்லை.

"எண்ணெய் வைக்கேல்லை" என்றார் அக்கா. பாறைக்கு மற்றப் பக்கத்திலிருந்து, வந்த காலத்தில் கதைத்த அதே உரத்த குரல். "சவர்க்காரம் போடேல்லை. உள்ளி தின்னேல்லை. நீங்கள் சொன்ன எல்லாம் செய்தனான். அப்பிடியிருந்தும் அதுக்குத் தெரிஞ்சிட்டுதே நான் நிக்கிறன் எண்டு. பேந்து ஏன் என்னை மூண்டு மாசமாய் இந்தப் பாடு படுத்தினனீங்கள்?"

அண்ணை துவக்கிலிருந்து ரவையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். வெயில் சரிவில் ஏற, மூன்று பேரும் காருக்கு நடந்தோம். திரும்பி வருகிற வழியில் முதல் கடையில் அக்கா காரை நிற்பாட்டச் சொல்லி, பணிஸ் வாங்கி மூவருக்கும் பிய்த்துக் கொடுத்தார். அவரும் வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்தநாள் ஞாயிறு காலை, குசினி மேசையில் அவரும் இருக்கும்போதே அக்கா கேட்டார்.

"தம்பி, அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு வாங்கோ. உங்கடை லாச்சிக்கை இருக்கிறது எனக்குத் தெரியும்."

எழுந்து போய்க் கொண்டுவந்து வைத்தேன். அண்ணை தலைப்பை வாசித்தார். அந்த ஒரு வரியை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை. பிறகு தன் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். அளவையாளரின் கையெழுத்து, அச்சடித்தது மாதிரி இருக்கும். பெயர், பிறந்த இடம், விலாசம் எல்லாம் நிரப்பினார்.

"போறதுக்குக் காரணம் கேட்டிருக்கு. என்ன எண்டு எழுத?"

"தலைக்கு எண்ணெய் வைக்க."

பேனை கொஞ்சம் நின்று, பிறகு எழுதியது. அக்கா என்னைப் பார்த்தார். "இங்கிலீசிலை என்ன எழுதியிருக்கிறார் தம்பி?"

அந்த இடத்தில் நான் ஏன் மாட்டுப்பட்டேன் என்று இருந்தது. ஆனால் லாச்சியை வைத்துக்கொண்டு சொன்ன பொய்களே போதும். "சொந்தக்காரரைப் பார்க்க எண்டு எழுதியிருக்கிறார், அக்கா."

"அதை வெட்டிப்போட்டு நான் சொன்னதை எழுதுங்கோ."

ஒரு படிவத்தில் வெட்டி எழுதுகிற மனிதரில்லை அவர். அரசாங்கக் கடதாசி எதிலும் எவருடைய கண்ணிலும் தடக்காத சொற்களையே பார்த்துப் பார்த்துப் போடுகிறவர். அன்றைக்கு ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேல், தலைக்கு எண்ணெய் வைப்பதற்காக என்று ஆங்கிலத்தில் எழுதினார். எழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது. அடுத்த கட்டத்துக்கு வந்தபோது பேனை நகரவில்லை. திரும்பி வரும் திகதி. அவர் வாசிக்காததால் அதையும் அக்காவுக்கு நானே வாசித்துச் சொன்னேன். அவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிழமைகளெல்லாம் நான் பயந்த இடம் அதுதான். எழும்பி வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

அக்கா எட்டி அவர் விரல்களுக்குள்ளிருந்து பேனையை எடுத்தார். படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, இலக்கங்களை ஒவ்வொன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல அழுத்தி எழுதினார். எழுதி முடித்துத் திருப்பி அவரிடம் தள்ளினார்.

அவர் குனிந்து பார்த்தார். மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. ஆனால் பழக்கம் விடுமா?

"தை மாதம் எண்டு எழுதியிருக்கிறீர்" என்றார் மெல்ல. "இஞ்சை அது வெக்கையோடை வடக்குக் காத்து அடிக்கிற காலம்."

"தெரியும்" என்றார் அக்கா. "கையெழுத்தை வையுங்கோ."